பொய்யா மெய்யா: கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்று ஒருமுறையாவது கேட்காத பெற்றோர் நம்மில் குறைவு. உணவகம் நடத்துபவர், அறையை வாடகைக்கு விடுபவர், பணிப்பெண்ணை நேர்காணும் குடும்பத்தார் என எல்லோரும் எதிரில் இருப்பவரின் முகத்தைத்தான் படிக்கப் பார்க்கிறார்கள். அதில் பலன் மிகக் குறைவு. 200க்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு 2006ல் வெளியானது. 24,000க்கும் அதிகமானவர்கள் அளித்த தீர்ப்புகள் அதில் அடக்கம். பொய் எது, மெய் எது என்று அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 விழுக்காடு. காசைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். பொய்யைப் பொய் என்று கண்டுகொண்டதை மட்டும் தனியாகப் பார்த்தால் 47தான். விசாரணையே தொழிலாக இருப்பவர்களும் மற்றவர்களைவிடப் பெரிதாகச் சாதித்துவிடவில்லை.

கண் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 75 நாடுகளில் கேட்டபோது, பொய் சொல்பவரின் அடையாளமாக மக்கள் அதிகம் சொன்னது "கண்ணைப் பார்க்க மாட்டார்" என்பதுதான். பார்வைக்கும் பொய்க்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. நம் ஆட்களிடம் இந்த அளவுகோலை வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை அனுமதியில் வந்திருக்கும் இளைஞர் முதலாளி முன் தலையைக் குனிந்து நிற்பது அவர் கற்றுவந்த மரியாதை. மாமனார் முன் மருமகள் பார்வையைத் தாழ்த்துவதும் அப்படித்தான். நிமிர்ந்து, கண்ணோடு கண் பார்த்துப் பேசுபவரிடம் நாம் ஏமாறுவதற்குக் காரணமும் இதுவே. நம்பிவிட்டோமா இல்லையா என்று அவர் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மேலே வலப்பக்கம் பார்த்தால் கற்பனை, இடப்பக்கம் பார்த்தால் நினைவு என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. 2012ல் சோதித்துப் பார்த்தார்கள், ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மூக்கைச் சொறிவது, காலாட்டுவது, வியர்ப்பது எல்லாம் பதற்றத்தின் அடையாளங்கள். நம்மை நம்ப மாட்டார்களோ என்று அஞ்சும் நேர்மையானவருக்கும், மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்சும் பொய்யருக்கும் உள்ளங்கை ஒரே மாதிரிதான் வியர்க்கும். மொழியையும் மறந்துவிடக் கூடாது. தமிழில் சரளமாகப் பேசுபவரை ஆங்கிலத்தில் கேட்டால் தயங்குவார், சொல்லுக்குத் தடுமாறுவார். அது மொழித் தடுமாற்றம், பொய்யல்ல. அவருக்கு வசதியான மொழியில் கேளுங்கள்.

பின் எதைக் கவனிப்பது? சொல்லப்படும் விவரத்தை. உண்மையில் நடந்ததைச் சொல்பவரின் பேச்சில் தேவையற்ற சங்கதிகள் கலந்துவரும். இடையில் நிறுத்தி, "இல்ல இல்ல, அதுக்கு முன்னாடியே அவர் வந்துட்டாரு" என்று தன்னையே திருத்திக்கொள்வார். "அது ஞாபகம் இல்லீங்க" என்று ஒப்புக்கொள்வார். பொய்க்கதை பெரும்பாலும் நேர்க்கோட்டில் ஓடும், விவரம் மெலிந்திருக்கும், இரண்டாம் முறை கேட்டாலும் அதே சொற்கள் வரும். மிக முக்கியமானது, சரிபார்க்கக்கூடிய விவரங்களைத் தவிர்க்கும். "ஒரு ஃப்ரெண்டு", "ஒரு கடை", "சாயங்காலம் வாக்குல" என்று பிடி கொடுக்காமல் நழுவும். ஆகவே இரண்டு முறை சொன்னதில் சின்ன வித்தியாசம் இருக்கிறதே என்று துள்ளிக் குதிக்காதீர்கள். நினைவு என்பதே கொஞ்சம் மாறித்தான் வரும்.

இந்த அடையாளங்களும் ஒன்றிரண்டு சொற்களில் பதில் சொல்பவரிடம் தென்படாது. அவரைப் பேசவைக்க வேண்டும். அதற்குத்தான் திறந்த கேள்வி, அதாவது ஆம், இல்லை என்று முடித்துவிட முடியாமல் அவரையே விவரிக்கவைக்கும் கேள்வி.

உட்காருவதற்கு முன்

கைப்பேசியில் மூன்று தலைப்புகள் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எனக்கு உறுதியாகத் தெரிந்தது, நான் சந்தேகிப்பது மட்டும், இதற்குக் குற்றமில்லாத விளக்கம் என்னவாக இருக்கலாம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதை எழுதாமல் போனால், முடிவை முன்பே எடுத்துவிட்டு ஒப்புதல் வாங்குவதற்காகக் கேட்பவராகிவிடுவீர்கள்.

நேரமும் இடமும் பாதி வேலையைச் செய்யும். இரவு 11 மணிக்குக் கடை சாத்திய பிறகு, களைத்துப்போன ஊழியரை மற்றவர்கள் முன் நிறுத்திக் கேட்டால் யாராக இருந்தாலும் சுருக்கமாகத்தான் பதில் சொல்வார். தனியாக, உட்காரவைத்து, 20 நிமிடமாவது கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். தொடங்கும்போது இப்படிச் சொல்லிவிடுவது நல்லது: "நடந்தது எனக்குத் தெரியாது, நீங்கதான் அங்க இருந்தீங்க. முக்கியமில்லேன்னு தோணுறதையும் சொல்லுங்க. ஞாபகம் இல்லாததை இல்லேன்னே சொல்லிடுங்க, ஊகிச்சுச் சொல்ல வேண்டாம்." நேர்மையானவருக்கு இது நிம்மதி. கதை கட்டி வந்தவருக்கு, எவ்வளவு விவரம் சேர்ப்பது என்ற கணக்கு தவறிப்போகும்.

கேள்வியின் வாலைக் கவனியுங்கள்

தமிழில் கேள்வி மூடிக்கொள்வது அதன் கடைசி எழுத்தில். "போனியா?", "கட்டிட்டீங்களா?", "சாப்பாடு கொடுத்தியா?" எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் முடிந்துவிடும். "தானே", "இல்லையா" என்று முடித்தால் பதிலையும் நாமே ஊட்டிவிடுகிறோம். "நேத்து டியூஷனுக்குப் போனதானே?" என்பதற்கு "ஆமாம்மா" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் கற்பனைத்திறன் தேவையில்லை.

கேள்வியில் நாம் போடும் சொல்லே பதிலை மாற்றிவிடும். 1974ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில் விபத்துக் காட்சியைப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 34 மைல் என்றார்கள். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்களின் மதிப்பீடு ஏறத்தாழ 41. படம் ஒன்றுதான். "பணத்தை எப்ப எடுத்த?" என்று கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் எந்தப் பதிலும் சுத்தமானதல்ல.

வாலை இப்படி மாற்றுங்கள். "போனியா?" என்பதை "நேத்துப் பள்ளிக்கூடம் விட்டதுலேர்ந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேளுங்கள். "வாடகை ஒழுங்கா கட்டுவீங்களா?" என்பது வீண் கேள்வி. "இப்ப இருக்கற வீட்டை விடறதுங்கற முடிவுக்கு எப்படி வந்தீங்க?" என்பதில் விஷயம் இருக்கிறது. "சொல்லுங்க", "விளக்குங்க", "அது எப்படி இருந்துச்சு" என்று முடியும் வாக்கியங்கள் கைகொடுக்கும். "ஏன்" என்பதை முதல் பத்து நிமிடம் கேட்காமல் தள்ளிவையுங்கள். "ஏன் லேட்டு?" என்று கேட்டால் விவரம் வராது, சாக்குதான் வரும்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் உண்டு. "எங்க போன, யாரோட போன, போன் ஏன் எடுக்கல, மணி என்னாச்சு தெரியுமா?" நான்கு கேள்விகள் ஒரே மூச்சில். எதிரில் இருப்பவர் அதில் சுலபமானதைப் பொறுக்கிக்கொண்டு பதில் சொல்வார். "பேட்டரி இல்லம்மா." மற்ற மூன்றும் காற்றோடு போயின. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கடினமான பகுதி. பதில் நின்றதும் மனதுக்குள் ஆறு வரை எண்ணுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர்தான் வாய் திறப்பார். பெரும்பாலும் விவரமானதெல்லாம் அந்த இரண்டாவது தவணையில் வரும். "ம்", "அப்புறம்?" போதும். தொடரும்போது அவர் வாயிலிருந்து வந்த சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: "சப்ளையர் ஒருத்தர் வந்தாருன்னு சொன்னீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க." எப்போது, எங்கே, யார் என்ற கேள்விகள் அதற்குப் பிறகு. ஆம், இல்லை கேள்விகள் கடைசியில், கேட்டதை உறுதிசெய்துகொள்ள மட்டும்.

பரோட்டா மாஸ்டர் என்கிறார்

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஓர் உணவகத்துக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பரோட்டா போடத் தெரியுமா தம்பி?" "தெரியும்ண்ணே." "எத்தனை வருஷம்?" "அஞ்சு." இந்த உரையாடலில் கிடைத்த தகவல் பூஜ்யம்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கடைசியா வேலை பார்த்த கடையில நல்லாக் கூட்டம் வந்த ஒரு சாயங்காலத்தை நினைச்சுக்குங்க. அன்னிக்கு மாவு கொட்டினதுலேர்ந்து கல்லை அணைச்ச வரைக்கும் என்ன செஞ்சீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க. அவசரமில்ல."

வேலை பார்த்தவர் எடுத்ததுமே அளவுக்குப் போவார்: எத்தனை கிலோ மைதா, உப்பு எவ்வளவு, சர்க்கரை போடுவார்களா, பிசைந்தது கையா மிஷினா. மாவை எத்தனை மணி நேரம் ஊறவிட்டார்கள், உருண்டையை எண்ணெயில் எப்படிப் போட்டுவைத்தார்கள் என்று வரும். நடுவில் புலம்பலும் வரும்: அன்றைக்கு உதவிக்கு இருந்தவன் வரவில்லை, ஏர்கான் காற்று பட்டு உருண்டை மேல்தோல் காய்ந்துவிட்டது, முட்டை பரோட்டா ஆர்டராக வந்து தள்ளியது. கற்பனையாகச் சொல்பவர் "மாவு பிசைவோம், உருண்டை பிடிப்போம், வீசுவோம், சுடுவோம்" என்று நிறுத்திவிடுவார். "பிசைஞ்சேன்" வராது, "பிசைவோம்"தான் வரும். நடந்த நாளைச் சொல்வதற்கும் பொதுவாக எப்படிச் செய்வார்கள் என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அது. ஆனால் "தினமும் எப்படிப் போடுவீங்க?" என்று நீங்களே பொதுவாகக் கேட்டுவிட்டு, பொதுவான பதில் வந்தது என்று அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து, அவர் எதிர்பார்க்காத கேள்வி. அனுபவம் எத்தனை வருஷம், சம்பளம் எவ்வளவு என்பதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார். "வீசறப்ப மாவு கிழிஞ்சுக்கிட்டே இருந்தா என்ன செய்வீங்க?" என்பதற்குத் தயாராக வந்திருக்க மாட்டார். தெரிந்தவருக்கு இது கேள்வியே அல்ல. ஊறியது போதவில்லை, மூடி இன்னும் கொஞ்ச நேரம் விடணும் என்பார், அல்லது தண்ணீர் அளவைக் கேட்பார். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் தள்ளி, "அந்த அடுப்படியைக் கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்க. கல்லு எங்க, மேசை எங்க, நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?" என்று கேளுங்கள். நின்று வேலை பார்த்தவருக்கு ஒரு நிமிட வேலை. பத்து நிமிடம் கழித்து அதே இடத்தைப் பற்றி வேறு விதமாகக் கேட்டால், படமும் பேச்சும் ஒத்துப்போக வேண்டும். இந்தக் கேள்விகளை நேர்மையானவர் சிரமமின்றித் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கதையைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லும் உத்தியும் உண்டு. களைத்திருக்கும் நேர்மையானவரும் அதில் தடுமாறுவார் என்பதால் வீட்டிலும் கடையிலும் அது வேண்டாம்.

இரண்டு கிலோ மைதாவைக் கொடுத்துப் போடச் சொன்னால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரிந்துவிடும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வேறொரு முதலாளியின் வேலை அனுமதியில் இருப்பவரை "ஒரு நாள் சும்மா பார்க்கலாம்" என்று உங்கள் அடுப்படியில் நிறுத்தாதீர்கள். உரிய அனுமதியின்றி வெளிநாட்டவரை வேலை வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். அப்படிப்பட்டவரிடம் கேள்விதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சோதனை. அதோடு, அவர் ஒப்புதலோடு முந்தைய முதலாளியை அழைத்துப் பேசுங்கள். அங்கேயும் "நல்லவர்தானே?" என்று கேட்காமல், "அவர் இருந்தப்ப என்னென்ன வேலை பார்த்தாரு?" என்று கேளுங்கள்.

கையில் ஆதாரம் இருந்தால்

கல்லாவில் 60 வெள்ளி குறைகிறது. பில் மிஷினில் பார்த்தால் இரவு 9.40க்கு ஒரு பில் ரத்தாகியிருக்கிறது. உடனே அந்தத் தாளை முகத்துக்கு நேரே நீட்டத் தோன்றும். நீட்டினால் அவர் அந்தத் தாளுக்குப் பொருந்தும் கதையை அந்த இடத்திலேயே தைத்துவிடுவார். ஆதாரம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

"நேத்து ஒன்பது மணிக்கு மேல கடை மூடற வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். முழுதும் சொல்லவிடுங்கள். பிறகு, "அந்த நேரத்துல கல்லாப் பக்கம் யார் யாரு வந்தாங்க?" அடுத்து, "பில்லுல ஏதாவது மாத்த வேண்டி வந்துச்சா? எப்படி?" இந்த மூன்றாவது கேள்வி குற்றமில்லாத விளக்கத்துக்கான வாசல். வாடிக்கையாளர் ஆர்டரை மாற்றியிருக்கலாம், தவறாக இரண்டு முறை அடித்திருக்கலாம். நேர்மையானவர் அதைத் தானே சொல்லிவிடுவார். "ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் சரியாத்தான் போச்சு" என்று அவர் அந்த வாசலைத் தானே சாத்திய பிறகுதான் தாளை எடுக்க வேண்டும்.

எடுக்கும்போதும் குரல் உயர வேண்டாம். "பில்லுல எதையும் மாத்தலேன்னு சொன்னீங்க. மிஷின்ல 9.40க்கு ஒண்ணு ரத்தாகியிருக்கு. ரெண்டும் எப்படிப் பொருந்துதுன்னு எனக்குப் புரியல, நீங்களே சொல்லுங்க." "பொய் சொல்றியா?" என்று கேட்டால் பேச்சு சண்டையாகி அத்தோடு முடிந்துவிடும். 2006ல் சுவீடனில் காவல்துறைப் பயிற்சி மாணவர்களிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். ஆதாரத்தைப் பிடித்துவைத்துக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் ஏறத்தாழ 85 விழுக்காடு சரியாகக் கணித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் அதே ஆதாரத்தை வைத்துக்கொண்டு 56.

தொகை பெரிது, திருட்டு என்று தெரிந்துவிட்டால் அங்கேயே நிறுத்திப் போலீசில் புகார் கொடுங்கள். அறையில் பூட்டிவைப்பது, கடப்பிதழைப் பிடுங்கிவைப்பது போன்றவை உங்களையே குற்றவாளியாக்கிவிடும்.

வீட்டுப் புதுப்பிப்புக் குத்தகையாளர்களிடம் இவ்வளவு நுட்பம் தேவையில்லை. "டைல்ஸ் வந்துடுச்சாண்ணே?" என்றால் "வந்துக்கிட்டே இருக்கு" என்றுதான் எப்போதும் பதில். "எந்தக் கடையில, என்னிக்குச் சொன்னீங்க, டெலிவரிச் சீட்டை ஒரு படம் எடுத்து அனுப்புங்க" என்பதோடு முடித்துக்கொள்ளலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்றால் அவர் பெயர் வீவக பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்திலேயே தெரிந்துவிடும். புது வீட்டில் குளியலறைச் சுவர், தரை ஓடுகளை முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்கக் கூடாது என்பது விதி. "அதெல்லாம் பாத்துக்கலாம்ண்ணே" என்பவரிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை.

பிள்ளைகளிடம்

பிள்ளைகள் இரண்டு, மூன்று வயதிலேயே பொய் சொல்லத் தொடங்குகிறார்கள். அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கத் தெரிந்ததன் விளைவு அது, வளர்ப்பின் குறையல்ல. மளிகைக் கடையில் வாங்கி அலமாரி மேல் வைத்திருக்கும் ரோத்தான் (பிரம்பு) உண்மையை வரவழைக்கும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் 3, 4 வயதுப் பிள்ளைகளை இரண்டு பள்ளிகளில் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், முடிவு 2011ல் வெளியானது. அடி, கண்டிப்பு மிகுந்த பள்ளிப் பிள்ளைகள் கூடுதலாகப் பொய் சொன்னார்கள், அதைத் திறமையாகவும் காப்பாற்றிக்கொண்டார்கள். பயிற்சி கொடுத்தது அடிதான்.

கையும் களவுமாகத் தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல் கேட்காதீர்கள். டியூஷன் ஆசிரியர் அழைத்துச் சொல்லிவிட்ட பிறகு "டியூஷன் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பது பிள்ளையைப் பொய்க்குள் தள்ளிவிடும் வேலை. கல்லா விஷயத்தில் ஆதாரத்தை மறைத்துவைத்தது நடந்தது தெரியாததால். இங்கே நடந்தது தெரியும், காரணம்தான் தெரியாது. "சார் போன் பண்ணினாரு கண்ணா, நீ வரலைன்னு சொன்னாரு. என்ன நடந்துச்சுன்னு உன் வாயால கேக்கணும். உண்மையைச் சொன்னா அம்மாவுக்குச் சந்தோஷம்தான்." உண்மை சொல்வதாக முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொள்வதும் பிள்ளைகளிடம் ஓரளவு வேலை செய்கிறது. உயர்நிலைப் பள்ளி வயதுப் பையனாக இருந்தால் எதிரெதிரே உட்காருவதைவிட பேருந்திலோ, காரிலோ, பாத்திரம் துலக்கும்போதோ பேசினால் கூடுதலாக வாய் திறப்பான்.

யாரோ தொட்டார்கள், அடித்தார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால் மேலே சொன்ன எந்த உத்தியும் வேண்டாம். "அந்த மாமா உன்னை இங்க தொட்டாரா?" என்று பெயரையும் இடத்தையும் நாமே எடுத்துக்கொடுத்தால் பிள்ளையின் நினைவும், பின்னால் வரும் விசாரணையும் கெட்டுவிடும். "என்ன நடந்துச்சு, சொல்லும்மா", "அப்புறம்?" இரண்டு மட்டும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதிவைத்து, 1800-777-0000 என்ற தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண்ணை அழையுங்கள். உடனடி ஆபத்தென்றால் 999.

கேள்வியே கேட்கக் கூடாத இடம்

தொலைபேசியில் போலீஸ், வங்கி, மனிதவள அமைச்சு என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் இந்தத் திறமையைக் காட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். 2024ல் மட்டும் மோசடிகளில் சிங்கப்பூரில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளி. அந்தப் பக்கம் பேசுபவருக்கு இதுவே முழுநேரத் தொழில். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதிவைத்திருப்பார். நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குத்தான் லாபம். பணத்தை மாற்றச் சொல்வது, வங்கி விவரம் கேட்பது, அதிகாரபூர்வத் தளத்துக்கு வெளியிலிருந்து செயலியைப் பதிவிறக்கச் சொல்வது, அழைப்பைப் போலீசுக்கு மாற்றுவதாகச் சொல்வது ஆகிய நான்கையும் அரசு அதிகாரிகள் தொலைபேசியில் செய்வதே இல்லை. அதில் ஒன்று காதில் விழுந்தாலும் போனை வைத்துவிட்டு, மோசடியா என்று விசாரிக்க உதவும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேளுங்கள். வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் இந்த எண்ணைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.